சொல்லி அனுப்புகிறோம்

டைம்டேபிள் அக்காவைக் கடைசியாக நேர்முகம் கண்டவர் ஒரு பேருந்துப் பணிமனையின் மேலாளர். "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும் சார்" என்றாள். "அந்த மூலையில ஒண்ணு இருக்கு, போய் உக்காருங்க" என்றார். நேர்முகம் முடிந்தது. அன்று போய் உட்கார்ந்தவள், எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த மேடையில் நிற்க வேண்டும் என்று சொல்லும் கணினி நிரலைத் தானே எழுதி, பதினான்கு வருஷம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். ஓட்டுநர்கள் வைத்த பேர்தான் டைம்டேபிள் அக்கா. நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

பிறகு பேருந்து நிறுவனத்தை இன்னொரு பெரிய நிறுவனம் வாங்கியது. அவர்கள் வரும்போதே தங்கள் நிரலையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். அக்காவுக்கு நன்றி சொல்லி, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கொடுத்து வழியனுப்பினார்கள். எட்டு மாதமாக அந்தக் கடிகாரம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அக்கா அதைப் பார்ப்பதில்லை.

அக்காவுக்கு ஓர் அண்ணன். வாஷ்பேசின், குழாய், குளியல் தொட்டி விற்கும் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனுஷன், சிக்கலே அதில்தான். "எதுக்கும்மா இந்த அலைச்சல்? நம்ம கிடங்குல பதிவேடு எழுத ஆள் வேணும். வர்ற ஒண்ணாம் தேதி வந்துடு" என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "பாவம், தங்கச்சிக்கு வேலை போயிடுச்சு, நான்தான் பாத்துக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதிவேடு எழுத அக்காவுக்கு வெட்கமில்லை. அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் அவளால் சகிக்க முடியாதது. நாற்பத்து நான்கு வயதில், பொறியாளர் என்று சொல்லிக்கொண்டு போனவள், பாவம் என்று திரும்பி வருவதா? ஒன்றாம் தேதிக்குள் ஒரு வேலை தேடிக்கொள்வேன், இல்லாவிட்டால் வருகிறேன் என்று அண்ணனிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டாள்.

அந்த நிறுவனம் அலுவலகங்களில் உள்ள கூட்ட அறைகளை முன்பதிவு செய்யும் மென்பொருளை விற்கிறது. நேர்முகத்துக்கு ஏழு சுற்று என்று கடிதம் வந்தது. ஐம்பது பேர் ஏறி மலைப்பாதையில் போகிற வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்கவே இரண்டு சுற்றுதான் என்பது அக்காவுக்கு நினைவுக்கு வந்தது.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் பயிற்சி கொடுத்தாள். "உங்க பலவீனம் என்னன்னு கேப்பாங்கம்மா. உண்மையச் சொல்லிடாத."

"பின்ன என்னத்தச் சொல்றது?"

"ரொம்ப உழைச்சிடுவேன், அதான் என் பலவீனம்னு சொல்லு."

"அது எப்படிடி பலவீனம்?"

"அது பொய்ம்மா. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. நீ சொல்லலேன்னா தயார் பண்ணாம வந்திருக்கன்னு நினைச்சுக்குவாங்க."

முதல் சுற்றுக்கு அக்கா பத்து நிமிஷம் முன்னாலேயே போய்விட்டாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண், அறைக்காகக் காத்திருப்பவர்களைக் குறித்துவைக்கும் நோட்டில் அவள் பேரை எழுதிக்கொண்டு, பாவமாகச் சிரித்தாள். "உக்காருங்கக்கா. ரூம் எதுவும் காலி இல்ல."

அந்தக் கூடத்தைச் சுற்றி ஒன்பது அறைகள் இருந்தன. ஒவ்வோர் அறைக்கும் ஒரு நற்குணத்தின் பேர்: நம்பிக்கை, துணிவு, பணிவு என்று. 'வெளிப்படை' என்ற அறைக்கு மட்டும் ஜன்னல் கிடையாது. ஒவ்வொரு கதவின் பக்கத்திலும் ஒரு சின்னத் திரை. அறை காலியாக இருந்தால் பச்சையாகவும் ஆள் இருந்தால் சிவப்பாகவும் எரியும். ஒன்பதும் சிவப்பாக எரிந்தன. ஜன்னல் இருந்த எட்டையும் அக்கா கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். எந்த அறையிலும் ஒரு ஈ காக்கை இல்லை.

"உள்ள யாருமே இல்லையேம்மா?"

"இல்லதான். ஆனா சிவப்பா இருக்கே" என்றாள் வரவேற்புப் பெண்.

அப்போதுதான் அக்கா கவனித்தாள். மாடிப்படியில் ஆறு பேர் உட்கார்ந்து கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். காப்பி இயந்திரத்தின் பக்கம் இரண்டு பேர் நின்றபடியே ஒருவரை ஒருவர் மதிப்பீடு செய்துகொண்டிருந்தார்கள். மின்தூக்கி திறந்தது. உள்ளே ஒருவர் வெள்ளைப் பலகையைத் தாங்கிப் பிடித்திருக்க, இன்னொருவர் அதில் படம் போட்டுக்கொண்டிருந்தார். அது மூடிக்கொண்டு மேலே போனது.

மனிதவள மேலாளர் அம்மாள் அக்காவை அன்போடு அழைத்துப் போய், துடைப்பம் வைக்கும் அறைக்கு எதிரே இருந்த படியில் உட்காரவைத்தார். "இங்க நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தார். "எங்க வீட்டுல கூட நான் இவ்வளவு நேரம் இருக்கிறதில்ல. என் பையன் என்னைப் பாத்து யாருன்னு கேக்குறான், அந்த அளவுக்கு இது குடும்பம்."

அக்காவால் வாயை அடக்க முடியவில்லை. "மேடம், ரூமெல்லாம் சும்மாதானே இருக்கு? உள்ள போய் உக்காந்தா என்ன?"

மேலாளர் அம்மாள் அதிர்ந்துபோனார். "அது நம்ம மென்பொருள்ங்க. அது சிவப்புன்னு சொன்னா சிவப்புதான். நம்ம பொருள நாமளே நம்பலேன்னா, காசு குடுத்து வாங்குறவங்க எப்படி நம்புவாங்க? ரெண்டு வருஷமா நான் ஒரு தடவகூட சிவப்பு ரூமுக்குள்ள கால் வச்சதில்ல." பிறகு பலவீனம் என்ன என்று கேட்டார். அக்கா மகள் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தாள். மேலாளர் அம்மாள் மனம் நிறைந்து, அதை எழுதிக்கொண்டு, "எனக்கும் அதே பலவீனம்தான்" என்றார்.

இரண்டாவது சுற்று வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. கேள்வி கேட்க வந்தவர் ஒரு தாடிக்கார இளைஞர். ஒரு காரின் பின்பக்கத்தில் தாளை விரித்துக்கொண்டு, "ஒரு பஸ்ஸுக்குள்ள எத்தனை டென்னிஸ் பந்து அடைக்கலாம்?" என்று கேட்டார்.

அக்காவுக்கு உயிர் வந்தது. "எந்த பஸ்ஸு தம்பி? நகர வண்டியா, தொலைதூர வண்டியா?"

"ஏதோ ஒரு பஸ்."

"அதெப்படி? நகர வண்டியில சீட்டு முப்பத்தெட்டு. தொலைதூர வண்டின்னா சீட்டு சாயும், அடியில எடம் அடைபடும். மேல சாமான் வைக்கிற பலகை வேற இருக்கு. எஞ்சின் முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டுவிட்டு, அவர் தாளிலேயே உள்நீளம், அகலம், உயரம் மூன்றையும் நினைவிலிருந்து எழுதி, சீட்டுகளைக் கழித்து, ஓட்டுநர் இருக்கையையும் மறக்காமல் கழித்து, ஒரு விடையைக் கொடுத்தாள். "ஆனா தம்பி, பந்து வாசல் வரைக்கும் வந்துட்டா கதவு மூடாது. கதவு மூடாம வண்டிய வெளியே விட மாட்டோம்."

தாடிக்காரர் முகம் வாடிவிட்டது. "இதுக்கு விடையெல்லாம் கிடையாதுங்க. நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னு பாக்கத்தான் கேக்குறது. இதுவரைக்கும் யாரும் விடை சொன்னதில்ல." விடை என்ற கட்டமே அவர் படிவத்தில் இல்லை. கடைசியில் 'பிற குறிப்புகள்' என்ற இடத்தில் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது சுற்று வீட்டுப்பாடம். அறைகள் ஏன் எப்போதும் சிவப்பாகவே இருக்கின்றன என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். நிறுவனத்தின் நிரலை ஒரு பிரதி எடுத்து அனுப்பியிருந்தார்கள். இந்த ஒரு கோளாறைத் தீர்க்கத்தான் ஆளே தேடுகிறார்கள் என்பது அப்போதுதான் அக்காவுக்குத் தெரிந்தது. ஒரு வாரம் அவகாசம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். பதினொரு மணிக்கெல்லாம் விஷயம் பிடிபட்டுவிட்டது. நேர்முகத்துக்கு ஒருவர் வந்தால், அவருடைய ஏழு சுற்றுக்கும் சேர்த்து நிரல் முதல் நாளே அறைகளைப் பிடித்துவிடுகிறது. அவருக்கு வேலை உண்டு அல்லது இல்லை என்று யாராவது பதில் குறிக்கும்வரை வாராவாரம் அந்த அறையை அவருக்காகவே வைத்திருக்கிறது. இதுவரை யாரும் யாருக்கும் பதில் குறித்ததில்லை. எல்லோரிடமும் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லி அனுப்பியதோடு சரி. நானூற்றுப் பன்னிரண்டு பேர் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்துபோன யாரோ ஒருவருக்காக 'நம்பிக்கை' அறை இன்றைக்கும் செவ்வாய்க்கிழமைதோறும் பத்தரை மணிக்கு விளக்கெரித்துக்கொண்டு காத்திருந்தது.

அக்காவுக்கு இது புதிதல்ல. பணிமனையில் ஒருமுறை நிறுத்தப்பட்ட தடம் ஒன்றின் வண்டிக்காக நாலாம் மேடை மூன்று மாதம் காலியாகக் கிடந்தது. பயணிகள் மழையில் நின்றார்கள். அன்று என்ன செய்தாளோ அதையே இங்கும் செய்தாள். கடைசிச் சுற்று முடிந்து ஏழு நாளில் யாரும் பதில் குறிக்காவிட்டால் அறையை விடுவித்துவிடு. குறித்த நேரம் முடிந்தால் மணியடித்து வெளியே அனுப்பிவிடு. பத்தே வரி.

அனுப்பப் போனவளுக்கு அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரை அப்படியே விட மனம் வரவில்லை. எட்டு மாதமாக எத்தனை இடத்திலிருந்து பதிலே வராமல் அவளும் கைப்பேசியைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறாள்! அறையை விடும்போது அந்த ஆளுக்கு ஒரு கடிதமும் போகும்படி பதினோராவது வரியை எழுதினாள். கடிதத்தை எழுதத்தான் அரை மணி நேரம் பிடித்தது. "வணக்கம். இந்த வேலை உங்களுக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் வந்துபோனதற்கும் செலவிட்ட நேரத்துக்கும் நன்றி. இனிமேல் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்."

மகள் எட்டிப் பார்த்தாள். "பதினோரு வரியா? கொஞ்சம் இழுத்து எழுதும்மா. சோம்பேறின்னு நினைப்பாங்க."

"வேலை முடிஞ்சுதுல்ல?" என்று சொல்லிவிட்டு அக்கா அனுப்பிவிட்டாள்.

நான்காவது சுற்றுக்குப் போனபோது வாசலிலேயே வரவேற்புப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உள்ள வந்து பாருங்க!" ஒன்பது அறைகளும் பச்சைப் பசேலென்று எரிந்தன. மக்கள் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகத் துணிந்தவர்கள் நாற்காலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மாடிப்படியில் கூட்டம் நடத்திப் பழகிய ஆறு பேர் 'பணிவு' அறைக்குள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க அனுப்பினத சும்மா ஓடுதான்னு போட்டுப் பாத்தேங்க. ஓடிடுச்சு" என்றார் தாடிக்காரர். அவர் முகத்தில் களையே இல்லை. அக்காவை 'துணிவு' அறைக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஒரு கடிதம் வந்துச்சு."

"என்ன கடிதம்?"

"எனக்கு இந்த வேலை கிடைக்கலையாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால நானும் ஏழு ரவுண்டு முடிச்சேன். சொல்லி அனுப்புறோம்னாங்க. ஒரு மாசம் பாத்துட்டு, என்னன்னு கேக்கலாம்னு நேர்ல வந்தேன். யாரோ புது ஆளுன்னு நினைச்சு ஒரு மேசையக் காட்டுனாங்க. உக்காந்துட்டேன். அன்னைலேருந்து சம்பளமும் வருது." தாடியைத் தடவிக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அவரை நினைத்து வருத்தமும் வந்தது. சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். அவர் நிம்மதியாக மூச்சுவிட்டு, மதிப்பீட்டுத் தாளை எடுத்தார். "வீட்டுப்பாடத்துக்குக் குறைஞ்சது எழுநூறு வரி எதிர்பாத்தோம். நீங்க பதினொண்ணுதான் எழுதியிருக்கீங்க. முயற்சி போதாதுன்னு போடுறேன். தப்பா எடுத்துக்காதீங்க, படிவத்துல அப்படித்தான் இருக்கு."

அதற்குள் மனிதவளப் பிரிவில் ரகளை. கடிதம் கிடைத்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் போனில் கூப்பிட்டுவிட்டார்கள். சண்டை போட அல்ல, நன்றி சொல்லத்தான். ஒருவர், "இப்பவாவது சொன்னீங்களே, நான் ஊரு மாறிப் போகாம உக்காந்திருந்தேன்" என்று அழுதாராம். மேலாளர் அம்மாள் ஐந்தாவது சுற்றில் அக்காவிடம் கையைப் பிசைந்தார். "பதில் சொல்ற நிறுவனம்னு வெளியில பேரு பரவிடுச்சுன்னா நாளைக்கு எல்லாரும் பதில எதிர்பாப்பாங்களே! நான் பதினெட்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒருத்தர் மனசைக்கூட நான் புண்படுத்தினதில்ல. யாருக்குமே பதில் சொன்னதில்ல." அந்தச் சுற்று அக்காவின் மனப்பாங்கை அறிவதற்கானது. நீங்கள் ஒரு விலங்காகப் பிறந்திருந்தால் எந்த விலங்கு என்று கேட்டார். அக்கா எருமை என்றாள். ஏன் என்றார். "எது நடந்தாலும் அது பாட்டுக்குப் போகுமே மேடம்" என்றாள். தேர்வாகிவிட்டாள்.

ஆறாவது சுற்றில், அக்காவுக்குக் கீழே வேலை செய்யப்போகிறவர்கள் அக்காவைத் தேர்வு செய்ய வேண்டும். நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து, இந்த அறைக் கோளாறு மாதிரி ஒரு பிரச்சினை வந்தால் எப்படி அணுகுவீர்கள் என்று கேட்டார்கள். "அத நான் சரிபண்ணிட்டேனே" என்றாள் அக்கா. "அது இல்லைங்க, பண்றதா இருந்தா எப்படிப் பண்ணுவீங்க?" என்றார்கள். அக்கா, பண்ணாதவள் மாதிரி முக்கால் மணி நேரம் விளக்கினாள். அபாரம் என்றார்கள்.

ஏழாவது சுற்று இருபத்து நான்காம் தேதி, 'வெளிப்படை' அறையில். நிறுவனத் தலைவரே வந்திருந்தார். எழுந்து நின்று கைகுலுக்கினார். கிடைத்துவிட்டது என்றே அக்கா நினைத்தாள். அண்ணனிடம் எப்படிச் சொல்வது, முதலில் மகளுக்குப் போன் செய்வதா என்றெல்லாம் மனசு ஓடியது.

"ரெண்டு வருஷமா இந்தக் கோளாறைச் சரிபண்ண ஆள் தேடினோம்மா" என்றார் தலைவர். "கம்பெனியில மொத்தம் எழுபது பேரு. அதுல அறுபது பேருக்கு ஆள் தேடுறதுதான் வேலை. என்ன ஒரு உழைப்பு! மாடிப்படியில, கார் நிறுத்துற எடத்துல, எங்கெல்லாம் பேட்டி எடுத்தாங்க! அந்த வேகம் எனக்கு அவ்வளவு பெருமை. இப்ப நீங்க வந்தீங்க. கோளாறே இல்லாமப் பண்ணிட்டீங்க."

"நன்றி சார்."

"அதான் யோசிக்கிறேன். கோளாறச் சரிபண்ணத்தான் ஆள் கேட்டோம். இல்லாத கோளாறுக்கு ஆள் எப்படி எடுக்கிறது, நீங்களே சொல்லுங்க? நீங்க மட்டும் வேலையில சேந்த பிறகு இதச் சரிபண்ணியிருந்தீங்கன்னு வைங்க, இந்த வருஷத்தோட சிறந்த ஊழியர் விருத நானே உங்க கையில குடுத்திருப்பேன். அவசரப்பட்டுட்டீங்க."

"அப்ப எனக்கு வேலை இல்லைங்களா சார்?"

தலைவர் பதறிப்போனார். "சேச்சே! அந்த மாதிரி கடுமையான வார்த்தையெல்லாம் நாங்க சொல்றதே இல்லம்மா. எங்க பண்பாடு அப்படி. நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க. நாங்க சொல்லி—"

மணியடித்தது. நேரம் முடிந்துவிட்டது. கதவு திறந்து, அடுத்து அறையைப் பிடித்திருந்த ஐந்து பேர் உள்ளே நுழைந்தார்கள். தலைவர் மிச்சத்தை நடைவழியில் நின்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. "—அனுப்புறோம்."

வெளியே போகும்போது தாடிக்காரர் ஓடிவந்தார். "திங்கக்கெழமை பேசாம வந்து ஒரு மூலையில உக்காந்துடுங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"உக்காந்துடலாம் தம்பி. ஆனா என் அண்ணன் கேப்பாரு, என்ன வேலைன்னு. என்னன்னு சொல்றது?" என்றாள் அக்கா. வரவேற்புப் பெண் வாசல்வரை வந்து, இனித் தேவைப்படாத தன் நோட்டை அவளுக்கே கொடுத்துவிட்டாள்.

ஒன்றாம் தேதி காலை அக்கா அண்ணன் கடைக்குப் போனாள். வாக்குக் கொடுத்தாயிற்றே. கிடங்குக்குள் நுழைய முடியவில்லை. வெள்ளை வெளேரென்று குளியல் தொட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பேர் எழுதி ஒட்டியிருந்தது. புதிதாக வந்த சரக்கு தெருவில் வெயிலில் கிடந்தது.

"எடமே இல்லம்மா" என்றார் அண்ணன். "இதெல்லாம் ஆர்டர் குடுத்தவங்க பேர்ல நிக்குது."

"எப்ப எடுப்பாங்க?"

"முக்கால்வாசிப் பேரு எடுக்க மாட்டாங்க. ரெண்டு வருஷமாச்சு. வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. பேரு இருக்கே, எப்படி விக்கிறது?"

அக்கா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். "வணக்கம். இந்த வேலை உங்களுக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் வந்துபோனதற்கும் செலவிட்ட நேரத்துக்கும் நன்றி. இனிமேல் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்."

அந்த நிறுவனத்தில் வேறு யாரும் அவளுக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு தரம் படித்தாள். வலிக்கத்தான் செய்தது. ஆனால் மரியாதையாக எழுதியிருக்கிறோம் என்று தோன்றியது. கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணன் ஒரு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, எதிரே இருந்த விளிம்பைத் தங்கைக்குக் காட்டினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அங்க ஏழு ரவுண்டு வச்சாங்கன்னு உன் பொண்ணு சொன்னா. நம்ம கடையும் ஒண்ணும் குறைஞ்சது இல்ல. ஒரு ரவுண்டாவது வைக்கணும்ல? சொல்லு, உன் பலவீனம் என்ன?"

"வேலைய முடிச்சிடுறேண்ணே" என்றாள் அக்கா. "ஆள எடுக்குறதுக்கு முன்னாலயே முடிச்சிடுறேன். இனிமே அப்படிப் பண்றதா இல்ல."

"எனக்கு ஒண்ணும் புரியலையேம்மா."

"புரிய வேணாம். உன் கிடங்குல பாதிய ஒரு வாரத்துல காலி பண்ணிக் காட்டுறேன். எப்படின்னு இப்ப சொல்ல மாட்டேன். மொதல்ல நியமனக் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரைய வச்சுக் குடு."

"கூடப் பொறந்தவளுக்குக் கடிதமா?"

"கடிதந்தான். அதுல 'பதிவேடு எழுதுபவர்'னு போடாத. 'மென்பொருள் பொறியாளர்'னு போடு."

அண்ணன் சுற்றிலும் இருந்த தொட்டிகளையும் வாஷ்பேசின்களையும் ஒருமுறை பார்த்தார். தங்கையின் முகத்தையும் பார்த்தார். சட்டைப் பையைத் தடவிப் பேனாவை எடுத்தார்.

"தாள் இருக்கா?" என்றார்.

அக்கா பைக்குள் கையை விட்டு, வரவேற்புப் பெண் கொடுத்த நோட்டை எடுத்து, எழுதாத பக்கமாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.